முதுகில் வளரும் வேண்டாத எலும்பு
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

வங்கிக் குமாஸ்தா மருத்துவம் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். என் தங்கை மகனுக்கு வந்த நோய் இது. நாலு வருஷம் தைலம் தேய்த்தே ஓட்டிவிட்டான். இன்று கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்போடுதான் திரும்புவான். அதனால் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் பையனுக்கு முதுகுவலி என்றால் உடனே ஷிப்டைச் சொல்வோம், பைக்கைச் சொல்வோம். பெரும்பாலும் சரிதான். அந்த வலி படுத்தால் குறையும். நான் சொல்லும் வலி படுத்தால் கூடும். பின்னிரவில் எழுப்பும். காலையில் அரைமணி நேரம் முதுகு கட்டையாகக் கிடக்கும், நடமாடினால் இளகும். 45 வயதுக்குள் தொடங்கி 3 மாதத்தைத் தாண்டினால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாதமா என்று பார்த்துவிட வேண்டும்.

இணைப்புநார் எலும்பில் வந்து பதியும் இடத்தில் அழற்சி தொடங்குகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17 போன்ற புரதங்கள் அதை வளர்க்கின்றன. முதலில் முள்ளெலும்பின் மூலை அரிபடுகிறது. உடம்பு அதைப் பழுதுபார்க்கக் கிளம்புகிறது. வினையே அங்குதான். பழுதோடு நிற்காமல், இரண்டு முள்ளெலும்புக்கு நடுவிலுள்ள வட்டின் வெளி நார் வழியே எலும்பு வளர்ந்து, அடுத்ததோடு பாலம் போட்டுவிடுகிறது. எக்ஸ்ரேயில் முதுகு மூங்கில் மாதிரி தெரியும். அதே நேரம் உள்ளே எலும்பு மெலிகிறது! ஒரு கணக்கில் வரவேண்டியதை இன்னொன்றில் வரவு வைத்த கதை. வழுக்கி விழுந்தாலே முறியலாம்.

ஹெச்.எல்.ஏ.-பி27 மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973இல் தெரியவந்தது. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முதுகு இறுகினாலே இதுதான் என்றும் இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தாலும் நார்கள் எலும்பாகும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே அதை எழுதிவைத்திருக்கிறார்கள். தர்மபுரிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை.

விழுந்த பாலத்தை மாத்திரை கரைக்காது. ஆனால் அழற்சியை முன்னதாக அடக்கலாம். வலி மாத்திரை, தினசரி உடற்பயிற்சி, போதாவிட்டால் அந்தப் புரதங்களைத் தடுக்கும் ஊசி, எல்லாம் டாக்டர் சொல்லித்தான். சிகரெட் பிடித்தால் பாலம் வேகமாக விழும். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி துறையே இருக்கிறது. இந்த நோய் உள்ளவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.