பரீட்சையும் பருமனும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பருத்த பிள்ளையைக் கண்டதும் "தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறது" என்று சொல்வது நம்மவர் வழக்கம். பத்து வயதில் நானும் அந்தப் பேச்சைக் கேட்டவன். இன்று என்னைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் எனது காற்சட்டைகளை இரண்டு முறை பெரிதாக்க வேண்டி வந்தது. அது எனக்கு ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஆண்டு.

பாடசாலை விட்டதும் வெள்ளவத்தையில் ஒரு ரியூசன். அது முடிந்ததும் இன்னொன்று. இடையிற் கிடைத்த கால்மணி நேரத்தில் காலி வீதிக் கடையொன்றில் இரண்டு ரோல்ஸ், ஒரு சோடா. இரவு பதினொரு மணிவரை பழைய வினாத்தாள்கள். விடிய ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள். புள்ளி குறைந்தால் வீட்டில் யாரும் அடித்ததில்லை. அம்மா பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து பிஸ்கற் ரின்.

இது வெறும் வாய்ச்சபலம் அன்று என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பே அறிந்தேன். மனம் நெருக்கீட்டுக்கு உள்ளாகும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. புலி துரத்தினால் ஓடுவதற்கு அது உதவும். ஆனால் பரீட்சைப் புலி மாதக்கணக்கில் துரத்துகிறது. பிள்ளையோ கதிரையிலேயே இருக்கிறது. நாட்கணக்கில் உயர்ந்து நிற்கும் கோட்டிசோல் பசியைத் தூண்டி, கொழுப்பை வயிற்றைச் சுற்றிச் சேர்க்கிறது. இனிப்பும் கொழுப்பும் உண்டால் அந்த நெருக்கீடு சற்றுத் தணிகிறது என்று கலிபோர்னியாவில் மேரி டால்மன் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளில் ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஆக, பிஸ்கற் ரின் உண்மையிலேயே ஒரு மருந்துதான். பக்க விளைவுதான் பெரிது!

நித்திரையின் கதை இன்னும் வியப்பானது. சிக்காக்கோவில் என் வயதையொத்த பன்னிரண்டு வாலிபர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மாத்திரம் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். போதிய நித்திரை கொண்ட நாட்களோடு ஒப்பிடும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்ரின் 18 வீதம் குறைந்திருந்தது. இந்த முடிவு 2004இல் வெளிவந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது நித்திரை வேண்டும். நான் கொண்டது ஆறு.

நெருக்கீட்டினால் மெலிந்துபோகிறவர்களும் உண்டு. பரம்பரையும் உணவும் விளையாட்டின்மையும் தத்தம் பங்கைச் செய்கின்றன. எல்லாப் பழியையும் பரீட்சையின் தலையில் ஏற்ற நான் வரவில்லை. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்த பரீட்சை அது. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்விக் காலத்து நோக்கம் உயர்ந்தது. அதைக் குதிரைப் பந்தயமாக்கியவர்கள் நாம்.

"2022இன் நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் ஒருவேளைச் சோற்றைக் குறைத்தார்களே, இந்த நாட்டில் பருமனைப் பற்றிப் பேசலாமா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் இருக்கின்றன. காசு குறைந்த வீட்டில் வயிற்றை நிரப்புவது பாணும் சீனித் தேநீரும். அந்த வீட்டின் கவலையும் ஒரு நெருக்கீடுதானே. மேலும், தென்னாசியராகிய நமக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது.

பருத்த பிள்ளைக்கு "குண்டு" என்று பட்டம் வைப்பதால் அது மெலிவதில்லை. வெட்கமும் நெருக்கீடே, அந்தப் பிள்ளை மைதானத்தை விட்டொதுங்கி மறுபடியும் ரின்னைத் திறக்கிறது. எனக்கு அந்தப் பட்டத்தை வைத்தவர் பிரியமான ஒரு மாமா. இன்று முன்வரிசையில் அவர் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்கு அறுபது நிமிடமாவது உடல் அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்மாடியில் வளரும் வெள்ளவத்தைப் பிள்ளை எங்கே ஓடும்? நமது சங்கமும் ஞாயிறு காலையில் இந்தப் பரீட்சைக்கு மூன்று மணி நேர இலவச வகுப்பு நடத்துகிறது. அங்கே படிப்பிப்பவர்களில் நானும் ஒருவன். ஆகையால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதை இரண்டு மணி நேரமாக்கி, மிச்ச ஒரு மணி நேரம் பின்முற்றத்தில் கிளித்தட்டு விளையாட விடும்படி செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோடு கீறச் சுண்ணாம்பு நான் கொண்டுவருகிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிரேரணை வரும்போது, பெற்றோராக இருக்கும் அங்கத்தவர்கள் தவறாமல் வந்து தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.