தாலாட்டில் யார் பெயர்?

பெண் எழுத்தாளர் மேடை ஏறினால் முதலில் வந்து விழும் கேள்வி, "வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எப்படியம்மா எழுதுகிறீர்கள்?" என்பதுதான். ஆண் எழுத்தாளரிடம் இதைக் கேட்டவர் உண்டா? அது கிடக்கட்டும். தாய்மை எழுத்துக்குத் தடையா, துணையா என்ற விவாதத்தை லுக்குட் தோட்டப்புறத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

லுக்குட் என்றால் வரலாற்றுப் புத்தகம் ஈயத்தைச் சொல்லும். 1847இல் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டையைச் சொல்லும். பின்னால் வந்த ரப்பர் காலத்தில், இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன பெண்களைப் பற்றி அதிகம் பேசாது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுக் கட்டத் தெரியும்.

தாலாட்டைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். தாய்மாமன் சீர் வரும், குலப்பெருமை வரும். நடுவே மெல்ல அவளுடைய மனக்குறையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். புகுந்த வீட்டை நொடிக்கலாம், கங்காணியைக் கூடத் திட்டலாம். கேட்பது பச்சைக் குழந்தை. யாரிடமும் போய்ச் சொல்லாது! பிள்ளை பெற்றதால் அவள் வாய் அடைபட்டது என்று மட்டும் சொல்ல முடியுமா? அவள் பயமில்லாமல் பேசிய இடமும் அந்த ஏணைதானே?

ஆனால் அந்தப் பாட்டில் அவள் பெயர் இல்லை. 'நாட்டுப்புறப் பாடல்' என்று முத்திரை குத்தி முடித்துவிட்டோம்.

எழுதத் தெரிந்தவர்களுக்கும் பெயர் சிக்கல்தான். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த ரொக்கையாவின் பள்ளிப்படிப்பு பாதியில் நிறுத்தப்பட்டது. திருமணமான பிறகு இரவில் ஒளிந்து எழுதினார். வீட்டாருக்குத் தெரியாமலிருக்க, கவிதைகள் 'சல்மா' என்ற பெயரில் வெளிவந்தன. ஒளிந்துகொள்ள வைத்த பெயரே பிறகு அவருடைய அடையாளமானது. 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவல் வந்தது. 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

இன்னொருவர் வை. மு. கோதைநாயகி. முதல் நாடகம் 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். நூலாசிரியர் என்று சொன்னவரைத்தான் உலகம் அறியும். அதே கோதைநாயகி பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். லயத்துப் பாட்டிக்கு வாய்க்காமல் போனது அந்தத் தோழிதான்.

அந்தத் தோழி வேலையைத்தான் மும்பையில் எழுத்தாளர் அம்பை செய்தார். 1988இல் 'ஸ்பாரோ' என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கி, பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யலானார்.

தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. அன்று ஏணை ஆட்டியவர்களில் எஞ்சியிருப்போர் இன்று பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கையில் தொலைபேசி இருக்கிறது, பதிவு செய்ய வேறு கருவி வேண்டாம். பாட்டைக் கேட்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள். "முருகன் அம்மா" என்பார். அது மகன் பெயர். அடையாளக் கார்டில் உள்ள பெயரைக் கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்தப் பிள்ளைக்குப் பாடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் மறந்து போச்சு" என்றுதான் முதலில் சொல்வார். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவர் மடியில் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.