வன்னியில் ஒரு சிற்றவை இசைப் பருவம்

மேனாட்டார் தம் இசையை முன்னாளில் மூன்று இடங்களுக்கு உரியதாக வகுத்தனர். தேவாலயத்துக்கு உரியது ஒன்று; நாடக அரங்குக்கு உரியது மற்றொன்று; வீட்டுக் கூடத்துக்கு உரியது மூன்றாவது. நான்கு பேர் நான்கு வாத்தியங்களுடன் அமர்ந்து, எதிரே இருக்கும் சிலருக்காக வாசிக்கும் அம்மூன்றாம் வகையைச் சிற்றவை இசை எனலாம். இலண்டன் மாநகரில் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்மோர் மண்டபம் இன்றும் இவ்விசைக்குப் பெயர் பெற்றது. அத்துணைப் பெரிய நகரில், அதில் அமரக்கூடியவர் ஏறத்தாழ 550 பேரே.

நம் கர்நாடக சங்கீதமும் இயல்பில் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒருவர் பாட, ஒருவர் வயலின் வாசிக்க, ஒருவர் மிருதங்கம் முழக்கத் தம்பூரா பின்னின்று சுருதி கூட்டும் ஒரு கச்சேரிக்கு ஆயிரம் பேர் வேண்டியதில்லை. வீணை தனம்மாள் சென்னை ஜோர்ஜ் டவுனிலிருந்த தமது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். அவ்வீணையின் நாதம் மிக மெல்லியது. கேட்க வந்தவர்கள் பேச்சை நிறுத்தி, அசைவையும் அடக்கி இருந்தாலன்றி அது செவிக்கு எட்டாது. வந்தவர்களுள் பெரும் வித்துவான்களும் இருந்தனர். 1938ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஆயினும் அவ்வீட்டில் வளர்ந்த பேர்த்தியர் பிருந்தா, முக்தா ஆகியோரின் பாட்டிலும், பாலசரசுவதியின் அபிநயத்திலும் அந்த நுட்பம் தொடர்ந்து வாழ்ந்தது. சில பேர் அமர்ந்த ஒரு கூடம் ஒரு மரபையே காத்தது.

பின்னர் ஒலிபெருக்கி வந்தது. 1928ஆம் ஆண்டு தோன்றிய சென்னைச் சங்கீத வித்வத் சபை, 1962இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பெரு மண்டபத்தைப் பெற்றது. பலர் கேட்க வழி பிறந்தது நன்மையே. ஆனால் கமகத்தின் கடைசி அசைவு, வீணைத் தந்தி அடங்கும்போது எஞ்சும் மெல்லொலி, பாடகர் பக்கவாத்தியக்காரரை நோக்கும் குறிப்பு இவையெல்லாம் இருபதாவது வரிசைக்கு அப்பால் சென்றடைவதில்லை.

இனி வன்னியை நோக்குவோம். இந்நிலத்துக்கு இசை புதிதன்று. முல்லைத்தீவில் கோவலன் கூத்து விடியுமட்டும் நடக்கும். கோயில் வீதிகளில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். ஆனால் இவையெல்லாம் வெளியின் இசை. வானத்தைக் கூரையாகக் கொண்டவை. கூடத்தின் இசை வன்னிக்குப் பெரும்பாலும் பாடசாலை வழியாகவே வந்தது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்று, மகாராஜபுரம் சந்தானம் போன்றோர் அதிபராக இருந்து வளர்த்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் இசைக்கல்லூரி பல ஆசிரியர்களை உருவாக்கியது. அவ்வாறு பயின்றோரிடம் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்கிக் கீர்த்தனை வரை கற்கின்றனர், பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். சான்றிதழ் கைக்கு வந்ததும் வயலின் பெட்டி மூடப்படுகிறது. கற்ற இராகத்தை ஒரு தேர்ந்த வித்துவான் முக்கால் மணிநேரம் விரித்துப் பாட, அதை மூன்று முழத் தொலைவில் இருந்து கேட்கும் வாய்ப்பு அப்பிள்ளைக்கு அரிதினும் அரிது. கேளாமல் கற்ற இசை எவ்வளவு காலம் நிற்கும்?

2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வன்னி மக்கள் ஓரிடம் விட்டு ஓரிடமாகப் பலமுறை பெயர்ந்தனர். வீணை தலையில் சுமந்து செல்லத்தக்க பொருளன்று என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

ஆகவே கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சிறு சபை அமைந்து, ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரிகள் கொண்ட ஒரு பருவத்தை நடத்துமாயின், அதற்குப் பெரு மண்டபம் வேண்டியதில்லை. அறுபது பேர் பாயில் அமரக்கூடிய ஒரு பாடசாலைக் கூடம் போதும். ஒலிபெருக்கியைத் தவிர்த்துவிட வேண்டும். மின்விசிறியையும் கச்சேரி நேரத்தில் நிறுத்திவிட்டால் மிக நன்று. அங்கத்தவர் சந்தாவே சபையின் முதல். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி எழுபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தொலைவாதலின், வித்துவான்கள் வந்து போவதும் கடினமன்று. முதற் கச்சேரி வீணையாக இருத்தல் நலம். மெல்லிய ஒலிக்குச் செவியைப் பழக்கிவிட்டால் மற்றவை தாமே வசப்படும்.

காலத்தைக் குறிப்பதிலேதான் கவனம் வேண்டும். சென்னையைப் பின்பற்றி மார்கழியில் வைத்தால் பருவம் பாழாகும். சென்னைக்கு மார்கழி குளிர்ந்த விடுமுறைக் காலம். வன்னிக்கோ வடகீழ்ப் பருவமழையின் காலம். இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்த்திருக்கும் கமக்காரன் அப்போது தோடியைக் கேட்க வரமாட்டான். பெரும்போக நெல் அறுவடையாகி, சூடு அடித்து, கையில் சிறிது பணமும் மனத்தில் சிறிது ஓய்வும் உள்ள மாசி, பங்குனியே வன்னியின் இசைப் பருவம். பூரணைக்கு அண்மித்த சனிக்கிழமைகளைத் தெரிந்தால், யானை நடமாடும் வழிகளில் வீடு திரும்புவோருக்கு நிலவும் துணையாகும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுதல் அதினும் மேல்.

அம்மாதங்களின் வெப்பத்தில் வீணையின் மெட்டுக்களைத் தாங்கும் மெழுகு இளகிச் சுரத்தானம் பிறழ்வதுண்டு. மேளம் கட்டத் தெரிந்த ஒருவரைச் சபை முன்கூட்டியே அழைத்து, ஊரிலுள்ள வீணைகளையெல்லாம் அவர் கையில் ஒப்படைத்துவிட்டால், பல வருடமாக மூலையில் கிடப்பனவும் பேசத் தொடங்கும். அவற்றுக்கு உரியவர்களே பருவத்தின் கடைசிக் கச்சேரியில் வாசிக்கட்டும். முன்னைய வித்துவான்களுள் ஒருவர் அன்று கேட்பவராக முன்வரிசையில் அமரட்டும். அதைச் சித்திரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். வைகாசி பிறந்துவிட்டால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் புறப்பட்டுவிடும்.