வால் நட்சத்திரமும் ஜீரோ எரரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பகலில் கோவையில் பம்ப் செய்யும் இன்ஜினீயர். இரவில் மொட்டைமாடியில் ஆறு அங்குல டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு வால் நட்சத்திரத்தைப் படம் பிடிக்கிறவன். இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் என் அப்பா. 1965 அக்டோபரில், பத்து வயதில், விடியற்காலையில் இக்கேயா-செக்கி வால் நட்சத்திரத்தைப் பார்த்தவர் அவர். அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் இருவருமே அமெச்சூர்கள்தான். ஒருவர் பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி, மற்றவர் கிடார் வாத்தியார்.

2020 ஜூலையில் நியோவைஸ் வந்தது. ஊரடங்குக் காலம், நானும் வீட்டில்தான். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பைனாகுலரைக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலடா. நீ படம் எடுத்துக் காட்டு, அதுல பார்த்துக்கிறேன்" என்றார்.

180 படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் அழகாக இருந்தன. கம்ப்யூட்டரில் போட்டால், ஒவ்வொரு நட்சத்திரமும் ஊறிய பருப்பு மாதிரி உப்பியிருந்தது! ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த டவர் விளக்கை வைத்து ஃபோகஸ் செய்திருந்தேன். குவியத்தூரம் 750 மில்லிமீட்டர் உள்ள டெலஸ்கோப்பில், அந்த விளக்குக்கும் நட்சத்திரத்துக்கும் ஃபோகஸ் அரை மில்லிமீட்டருக்கு மேல் மாறும். அதற்குப் பிறகு தினமும் மேகம். நியோவைஸ் திரும்பி வர ஏறத்தாழ 6,800 ஆண்டுகள் ஆகும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி நம் முதலாண்டு இயற்பியல் லேப் ஞாபகம் வந்தது. வெர்னியரைக் கையில் எடுத்ததுமே ஆசிரியர் கேட்பார்: "ஜீரோ எரர் பார்த்தியா?" அப்போது சிரித்தோம்.

அடுத்த நான்கு வருஷம் ஜீரோ எரரைத்தான் பார்த்தேன். டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து சுழல, அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். கோவையில் அது 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதையும் பக்கத்து வீட்டுத் தென்னை மறைத்துவிட்டது. அதனால் வேறு நட்சத்திரங்கள் நழுவுவதைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தி, ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் தரையில் பெயிண்டால் அடையாளம் போட்டேன். ஃபோகஸுக்கு, அட்டையில் சாய்வான கீற்றுகள் வெட்டிக் குழாயின் வாயில் மாட்டினேன். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். நடுக்கோடு சரியாக நடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. இன்னொன்று: வால் நட்சத்திரம் மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே குறைந்த நேரப் படங்களாக நிறைய எடுத்து, ஒரு முறை அதன் தலையை வைத்தும், ஒரு முறை நட்சத்திரங்களை வைத்தும் அடுக்கிப் பிறகு சேர்க்க வேண்டும்.

2024 செப்டம்பர் 30, விடியற்காலை 5 மணி. சுசின்ஷான்-அட்லஸ் கிழக்கே தாழ்வாக எழுந்தது. முன்கூட்டியே சிரியஸை வைத்து ஃபோகஸைச் சரிபார்த்திருந்தேன். வெளுக்கும் முன் கிடைத்தது இருபது நிமிஷம். புரை ஆபரேஷன் முடிந்திருந்த அப்பா பைனாகுலரோடு பக்கத்தில் நின்றார். "தெரியுதுடா! 65-ல பார்த்த அளவு நீளம் இல்ல, ஆனா வால் இருக்கு" என்றார். படமும் தேறியது. இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

தம்பி தங்கைகளே, டெலஸ்கோப் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஐந்து விநாடி எக்ஸ்போஷர், இவை போதும். பிரகாசமான புதிய வால் நட்சத்திரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வருகிற அன்று பழகிக்கொள்ள நேரம் இருக்காது. இந்த வாரமே சாதாரண நட்சத்திரங்களை எடுத்துப் பழகுங்கள்.

ஜீரோ எரர் பார்க்கச் சொன்ன அந்த ஆசிரியர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, பார்த்துவிட்டேன். கொஞ்சம் தாமதமாக.