அகாபுல்கோவில் எங்கே தங்குவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையிலிருந்து எதையாவது பேசப்பா, ஆனால் போர்டில் சமன்பாடு மட்டும் எழுதிடாதே" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். ஆகவே மிகச் சாதாரணமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளியூர் போனால் எங்கே ரூம் எடுப்பது? "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா சார்?" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள் தம்பி.

மெக்ஸிகோ நாட்டின் பசிபிக் கரையில் அகாபுல்கோ என்று ஒரு நகரம். தலைநகர் மெக்ஸிகோ சிட்டியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 380 கிலோமீட்டர். குதிரை லாடம் போல் வளைந்த விரிகுடா, அதைச் சுற்றி மலை. 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டுகள் மணிலாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்து சேர்ந்த துறைமுகம் இது. நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி மணிலா போய், அங்கிருந்து இங்கே வந்து இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் அங்கே தெருவில் புளி மிட்டாய் விற்கிறார்கள். பெயர் 'தமரிந்தோ'. வாயில் போட்டதும் எனக்குப் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்துவிட்டது.

2024 செப்டம்பரில் வேலை நிமித்தமாக அங்கே இரண்டு மாதம் தங்க வேண்டி வந்தது. முந்தைய ஆண்டுப் புயலில் அடிபட்ட கட்டடங்களைச் சோதித்து அறிக்கை தரும் வேலை. நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் என்னைவிட இளையவர்கள். மூத்தவன் என்பதால் தங்குமிடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கே பொறியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'இன்ஹே' என்பார்கள். நம்மூர் 'இன்ஜினியர் சார்' மாதிரிதான். பையன்கள் மூவரும் ஒரே குரலாக, "இன்ஹே, கடலைப் பார்த்த மாதிரி பதினெட்டாவது மாடி!" என்றார்கள். வயசு அப்படி.

அகாபுல்கோவில் தங்க மூன்று பகுதிகள் உண்டு. மேற்கே பழைய நகரம். கலேத்தா கடற்கரையும், சுமார் 35 மீட்டர் உயரப் பாறையிலிருந்து இளைஞர்கள் கடலில் குதிக்கும் கெப்ராதாவும் இங்கேதான். நடுவே விரிகுடாவை ஒட்டிய 'தொராதா', அதாவது பொன் பகுதி. கடற்கரைச் சாலை முழுக்க அடுக்குமாடி ஓட்டல்கள். கிழக்கே, மலையைத் தாண்டி விமான நிலையப் பக்கம், 'தியாமந்தே' என்னும் வைரப் பகுதி. புதிது, பளபளப்பு, நீண்ட மணல்வெளி. விளம்பரம் முழுக்க இந்தப் பகுதிக்குத்தான்.

விளம்பரத்தைப் பார்த்து ரூம் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நாங்கள் போனது புயல் மாதத்தில். அந்தக் கடலில் புயல் காலம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே நான் ஓட்டல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஊரின் மெடிக்கல் ரிப்போர்ட்டை எடுத்தேன்.

முதல் பக்கம், 1997 அக்டோபர் 9, பாலீனா புயல். ஒரே நாளில் சுமார் 400 மில்லிமீட்டர் மழை. மலைச்சரிவு ஓடைகளில் வெள்ளமும் சேறும் பாறையும் சேர்ந்து இறங்கி, ஓடையோர வீடுகளை வாரிக்கொண்டு போயின. நகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக, ஓடை வாயில் தங்காதே.

இரண்டாவது பக்கம், 2013 செப்டம்பர், மனுவேல் புயல். இம்முறை தண்ணீர் நின்றது தியாமந்தேயில். ஏன்? அந்தப் பகுதி கடலுக்கும் காயலுக்கும் நடுவே, சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த தாழ்ந்த பூமி. தண்ணீருக்கு அது பழைய வீடு. வைரம் என்று நாம் பெயர் மாற்றியது அதற்குத் தெரியாது. விமான நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்தது, நெடுஞ்சாலை மண்சரிவில் மூடியது. விடுமுறைக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது பக்கம், 2023 அக்டோபர் 25, ஓட்டிஸ். முந்தின நாள் வரை சாதாரணப் புயல்தான். ஒரே பகலில் ஐந்தாம் நிலைக்கு ஏறி, நள்ளிரவு தாண்டி, மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் காற்றோடு ஊருக்குள் வந்தது. வெளியேற நேரமே இல்லை. சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள், இன்னும் பலரைக் காணவில்லை.

இங்கே ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்ல அனுமதி வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் அது தரும் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. உயரம் கூடக் கூட வேகமும் கூடும். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து அறையைப் பலூன் மாதிரி ஊதும். தடுப்புச் சுவர், ஃபால்ஸ் சீலிங், எதிர்ப் பக்க ஜன்னல் எல்லாம் பிய்த்துக்கொண்டு போகும். நாங்கள் சோதித்த அடுக்குமாடிகளில் தூணும் உத்தரமும் அசையாமல் நின்றன. ஆனால் அவற்றுக்குள் அறை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கட்டடம் பாஸ், அறை ஃபெயில். பையன்கள் கேட்ட பதினெட்டாவது மாடி அங்கேதான் இருந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு, அது புயலே இல்லை. 2021 செப்டம்பர் 7 அன்று அகாபுல்கோ அருகே 7 என்ற அளவில் நிலநடுக்கம். மெக்ஸிகோவில் நிலநடுக்க எச்சரிக்கை மணி புகழ்பெற்றது. கடற்கரையில் கருவிகள் அதிர்வை உணர்ந்ததும், தலைநகருக்கு ஏறக்குறைய ஒரு நிமிட அவகாசம் கிடைக்கும். கருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அகாபுல்கோவுக்கு அந்த நிமிடம் கிடையாது. ஆகவே கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் வெறும் தூண்களோடு கார் நிறுத்தம் வைத்த கட்டடம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டேன்.

காற்றுக்கு உயரம் ஆகாது, வெள்ளத்துக்குப் பள்ளம் ஆகாது, சேற்றுக்கு ஓடையோரம் ஆகாது, நடுக்கத்துக்கு வெறுங்கால் கட்டடம் ஆகாது. எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சியது பழைய நகரத்தில் ஒரு மேட்டில், ஓடையிலிருந்து தள்ளி, மூன்று மாடி வீட்டின் இரண்டாம் மாடி. தடித்த சுவர், சின்ன ஜன்னல், அதற்கு மரக்கதவு, தரைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. கடல் தெரியுமா? குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஒரு முழம் தெரியும். பையன்கள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செப்டம்பர் 23 இரவு ஜான் புயல் அந்தக் கரையில் ஏறியது. போய்விட்டது என்று நினைத்தால், வலுவிழந்து மீண்டும் கடலில் உருவாகி, நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. தியாமந்தே மறுபடி தண்ணீரில். நகரின் பல பகுதிகளில் படகில் ஆளை மீட்டார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போனது, மற்றபடி வீட்டுக்கு ஒன்றுமில்லை. தொட்டித் தண்ணீரை அளந்து அளந்து செலவு செய்தோம்.

இரண்டாம் நாள் எங்களுக்குச் சமைக்க வரும் அம்மா, மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றார். அவர் வீடு மலைமேல், ஓடையை ஒட்டி. ஹாலைக் காலி செய்து கொடுத்தோம். இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், "1997-லயும் அங்கேதானே இருந்தீங்க? ஏன் அம்மா வேற இடம் பார்க்கலை?" என்று நம் பையன் ஒருவன் கேட்டான். அவர் கோபப்படவில்லை. "தம்பி, ஓட்டலுக்கு வேலைக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். என் சம்பளத்துக்கு வாடகை அங்கேதான் கிடைக்கும். ஓடை எங்கே வரும்னு எனக்கும் தெரியும்" என்றார்.

நண்பர்களே, நான் இவ்வளவு நேரம் பெருமையாகச் சொன்ன பட்டியல் முழுவதும் அந்த அம்மாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது தேர்ந்தெடுக்கும் வசதி. எங்கே தங்குவது என்ற கேள்வியை விருந்தாளி கேட்கலாம். ஊர்க்காரருக்கு அதற்கான விடையை யாரோ முன்பே எழுதிவிட்டார்கள். சதுப்பு நிலத்தில் மனை பிரித்தவர், ஓடைக்கரையில் வீடு எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டவர், வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர். அந்த மூன்றாவது ஆள் நம் ஜாதி. பொறியாளன்.

எனவே மாணவச் செல்வங்களுக்கு இரண்டே வேண்டுகோள். எந்த ஊருக்குப் போனாலும் அறைக்கு முன்பணம் கட்டுமுன் பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள், "போன தடவை தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" விளம்பரம் சொல்லாததைக் கடைக்காரர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். நாளைக்கு உங்கள் மேஜைக்கு ஒரு மனையின் வரைபடம் கையெழுத்துக்கு வரும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பேனாவை மூடி வையுங்கள். முதலாளி இரண்டு நாள் பேசாமல் இருப்பார், பரவாயில்லை.

நம் கல்லூரி எனக்குக் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிடக் கற்றுத் தந்தது. அந்தக் கணக்கு யாருக்காக என்பதை அகாபுல்கோவில் அந்த அம்மா சொல்லித் தந்தார். இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.