பாக்கிப் பணத்தைக் கேட்டு ஒரு மின்னஞ்சல்

(பேரிகை வட்டாரச் சிறுதொழில் செய்வோரிடம் பேசியதிலிருந்து)

பேரிகையில நம்ம பேச்சுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்துதான் வரும். மாலூருக்குச் சரக்கு போனாலும் ஓசூர் சிப்காட்டுக்குப் போனாலும் பேசிச் சமாளிச்சிடுவோம். ஆனா பணம் நின்னுபோச்சுன்னா, எழுதி வச்சதுதான் கைகொடுக்கும்.

என் கதையையே சொல்றேன். ஒரு கம்பெனிக்கு லேத்தில் கடைந்த புஷ் அனுப்பினேன். மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் "சார், பேமென்ட்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "அடுத்த வாரம்" என்றே பதில். பர்ச்சேஸ் அதிகாரி மாறினார். புதியவர், "எந்த பில்லுங்க?" என்கிறார். அவர் மேல தப்பில்ல.

அன்று ராத்திரி போனிலேயே ஒரு மெயில் எழுதினேன். பொருள் வரியில்: "பில் எண் 47, நாள் 3.6.2024, ரூ.1,18,000 நிலுவை." உள்ளே நாலே வரி: "உங்கள் ஆர்டர்படி 3.6.2024 அன்று சரக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆர்டர், பில், டெலிவரி சலான் இணைத்துள்ளேன். எங்கள் உத்யம் எண் பில்லில் உள்ளது. பணம் எந்தத் தேதியில் வரும் எனத் தெரிவிக்கவும்." அக்கவுண்ட்ஸுக்கும் ஒரு காப்பி. கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. இங்கிலீஷ் சுமார்தான்னு தயங்காதீங்க. எண்ணும் தேதியும் எல்லா மொழியிலும் ஒண்ணுதான்.

ஒப்படைத்த தேதியை ஏன் எழுதணும்? 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலிருந்தே கணக்கு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது கிடையாது.) நிதியாண்டு முடிந்தும் கொடுக்காமல் கெடு தாண்டினால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அவர்களால் கழிக்க முடியாது. உத்யம் எண்ணைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ்காரர் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆர்டர் எடுக்கும் முன்பே முடிச்சிடுங்க.

அப்படியும் வராவிட்டால், அரசின் வசதியாக்க மன்றத்துக்கு ஆன்லைனில் மனு போடலாம். அங்கே கேட்பதும் இதே ஆர்டர், பில், சலான்தான். விவரத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது.

எனக்கு அதுவரை போகவில்லை. பத்தாம் நாள் பதில் வந்தது: "சலானில் எங்கள் ஸ்டோர்ஸ் முத்திரை பாதிதான் தெரிகிறது, திரும்ப அனுப்பவும்." அனுப்பினேன், பணம் வந்தது. போனில் படம் எடுக்கும்போது முத்திரை முழுசா விழுதான்னு பார்த்துக்கங்க.