யோகமும் இதயத் துடிப்பும்



யோகியர் சிலர் தம் இதயத்தையே நிறுத்தவல்லர் என்பது நெடுநாளைய பேச்சு. 1935 ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் பிராஸ் இந்தியா போந்து, மின்கருவி கொண்டு யோகியரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். ஒருவரது துடிப்பு ஏறக்குறைய மறைந்தது என்று கருதினார். பின்னர் அமெரிக்காவினின்று வந்த வெங்கர், பக்சி என்போரும், டில்லி மருத்துவ அறிஞர் ஆனந்தும் யோகப் பயிற்சியுடையார் நால்வரை ஆராய்ந்து 1961 இல் முடிவை வெளியிட்டனர்.

மூவர் மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கினர். அவ்விறுக்கத்தால் இதயத்திற்கு மீளும் குருதி தடைப்பட்டது. கைந்நாடியும் இதய ஒலியும் நலிந்து மறைந்தன. ஆயினும் இதயம் நிற்கவில்லை என்பதை மின்பதிவு காட்டிற்று. நான்காமவர் துடிப்பை மிகவும் மெதுவாக்கினார், நிறுத்தினாரல்லர்.

இதனால் யோகத்திற்கு இழுக்குண்டோ? இல்லை. அட்டாங்க யோகத்துள் பிராணாயாமம் நான்காம் படியே. பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அதற்கு மேலுள்ளன. இடைப்படியில் நின்று வியப்புக் காட்டுதல் யோகத்தின் பயனன்று. தியானத்திற்கு இதயம் நிற்க வேண்டுவதில்லை. மனம் நின்றால் போதும். இதய நோயுற்றார் இவ்வித்தைகளைக் கேள்வியளவில் முயலாது மருத்துவரை நாடுதல் கடன். ஆராய்ச்சி பத்திக்குப் பகையன்று. சிவம் சத்தாதலின், மெய்யை நாடும் அறிவும் அவன்பாற் செல்லும் நெறியேயாம்.